இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுண்ட்: ஃபோமோவைக் குறைக்க இது போதுமா?

பதின்ம வயதினருக்கென்று தனியாக வடிவமைத்த 'டீன் அக்கவுண்ட்' வசதியை மெட்டா நிறுவனம் 2024 செப்டம்பர் 17 அன்று அறிவித்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் முதலில் நடைமுறைக்கு வந்தது; இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. பிறந்த தேதிப்படி 13 முதல் 17 வயதுக்குள் இருக்கும் எல்லா இன்ஸ்டாகிராம் கணக்குகளும் யாரும் கேட்காமலே இதற்குள் போய்விடும். காசு எதுவும் கிடையாது.

இதைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் அந்நியர்களின் தொல்லை, ஆபாசம், மோசடி ஆகியவற்றைச் சுற்றியே நடந்திருக்கிறது. அவை முக்கியம்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்கிற பிள்ளைகளை ராத்திரி பதினொன்றரைக்கும் போனைக் கீழே வைக்கவிடாமல் செய்வது அந்நியர் இல்லை. பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவர்கள். 'நான் இல்லாத நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள், என்னை விட்டுவிட்டு எங்கே போயிருக்கிறார்கள்' என்ற அந்தத் தவிப்பைத்தான் ஃபோமோ என்கிறோம். டீன் அக்கவுண்ட் அந்தத் தவிப்புக்கு என்ன செய்கிறது என்று மட்டும் இங்கே பார்ப்போம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரவு நேரத்துக்கு உருப்படியாக உதவுகிறது. பகலுக்கு அநேகமாக எதுவும் செய்வதில்லை. ஃபோமோவை நிஜமாகவே குறைக்கக்கூடிய செட்டிங்குகள் இன்ஸ்டாகிராமுக்குள் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் டீன் அக்கவுண்ட் அவற்றைத் தானாக இயக்கித் தருவதில்லை. ஒவ்வொன்றாகத் தேடிப் போய் நாமே மாற்ற வேண்டும்.

தவிப்பு எங்கே உற்பத்தியாகிறது

உளவியலாளர் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் ஃபோமோவை அளக்க 10 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். சுயமாக முடிவெடுக்கிறோம், நமக்குத் திறமை இருக்கிறது, நாலு பேரோடு ஒட்டி இருக்கிறோம் என்ற மூன்று உணர்வுகளும் யாருக்குக் குறைவாக இருக்கின்றனவோ அவர்களுக்கு ஃபோமோ அதிகம் என்பது அந்த ஆய்வு கண்டது. பதினான்கு வயதில் இந்த மூன்றுமே ஆட்டம் காண்பவை. எனவே பிள்ளையின் 'பலவீனம்' என்று இதைப் பார்ப்பது தவறு.

ஆட்டம் காண்கிற அந்த இடத்தில்தான் செயலியின் சில பாகங்கள் கை வைக்கின்றன. 2016இல் வந்த ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். எனவே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் போட்டவருக்குத் தெரியும். எனவே பார்க்காமல் இருப்பதும் ஒரு செய்தியாகிவிடுகிறது. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, மெசேஜுக்குக் கீழே 'சீன்' என்ற குறிப்பு, 'குளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' ஸ்டோரிக்குப் பச்சை வளையம், 60 எழுத்துகளில் எழுதி ஒரு நாளில் மறையும் நோட்ஸ் எல்லாமே, எங்கோ ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, நீ அங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பெரிய படத்தின் முதல் நாள் முதல் காட்சி அன்று காலை ஸ்டோரி வரிசையைப் பார்த்தால் போதும். தியேட்டர் வாசல், டிக்கெட், பேனர், இடைவேளை என்று வரிசையாக ஒரே வகுப்பின் ஏழெட்டு பேர். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதில் படம் தெரிவதில்லை. யார் யாரோடு போயிருக்கிறார்கள் என்பதுதான் தெரிகிறது.

டீன் அக்கவுண்ட்டின் பெரும்பாலான கட்டுப்பாடுகள் இந்தப் பாகங்கள் எதையும் தொடுவதில்லை. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிறது, சரி. ஆனால் வகுப்புத் தோழர்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள். பிள்ளை யாரைப் பின்தொடர்கிறதோ அவர்களும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களும் மட்டுமே மெசேஜ் அனுப்ப முடியும். தவிப்பைத் தரும் மெசேஜ் அவர்களிடமிருந்துதான் வருகிறது. டேக் செய்வதற்கும் ஏறக்குறைய அதே வரம்பு. கெட்ட வார்த்தை வடிகட்டி இயங்கும். நல்லது. 'நேத்து எல்லாரும் பீச்சுக்குப் போனோம்' என்ற வரியில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை.

ஸ்லீப் மோட்: இதிலேயே நல்ல பாகம்

இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை ஸ்லீப் மோட் தானாக இயங்கும். நோட்டிஃபிகேஷன்கள் எதுவும் வராது. மெசேஜ் அனுப்புகிறவருக்கு, இவர் இப்போது ஸ்லீப் மோடில் இருக்கிறார் என்று ஒரு தானியங்கிப் பதில் போய்விடும்.

இந்தத் தானியங்கிப் பதில்தான் டீன் அக்கவுண்ட்டின் மிகச் சிறந்த யோசனை என்பது எங்கள் கருத்து. பிள்ளைகள் இரவில் போனை விடாததற்கு ஆசை பாதிக் காரணம். கடமை மீதிக் காரணம். பதில் போடாவிட்டால் 'ஏன் கண்டுக்க மாட்டேங்குற' என்று காலையில் கேட்பார்கள். அந்தப் பதிலைச் செயலியே சொல்லிவிட்டால், சொல்லாமல் போனதற்கான பழி பிள்ளை மேல் விழுவதில்லை. 'நான் என்ன பண்றது, பத்து மணிக்கு மேல அதுவா ஆஃப் ஆயிடுது' என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைக்கிறது. அந்த வயதில் அப்படி ஒரு சாக்கு பெரிய உதவி.

அமெரிக்காவில் 11 முதல் 17 வயதுக்குட்பட்ட சுமார் 200 பிள்ளைகளின் ஆண்ட்ராய்டு போன்களை வைத்து காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு ஒரு சராசரி நாளில் வந்த நோட்டிஃபிகேஷன்கள் 237 அல்லது அதற்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ கால்வாசி பள்ளி நேரத்தில் வந்தவை. இரவை மட்டும் அடைத்தாலே இந்தச் சத்தத்தில் ஒரு பகுதி குறையும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்லீப் மோட் செயலியைப் பூட்டுவதில்லை. நோட்டிஃபிகேஷன் வராவிட்டாலும் பிள்ளை தானாக இன்ஸ்டாகிராமைத் திறந்து ஸ்டோரி பார்க்கலாம், ரீல்ஸ் ஓட்டலாம். ஃபோமோ முற்றிய பிள்ளைக்கு நோட்டிஃபிகேஷனே தேவையில்லை; இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை தானாகப் போகும். பல பெற்றோர் 'பத்து மணிக்கு மேல் ஓடாது' என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். நிஜமாகப் பூட்ட வேண்டுமென்றால் பெற்றோர் மேற்பார்வையை இணைத்து, குறிப்பிட்ட நேரத்தில் இன்ஸ்டாகிராமையே தடுக்கும் வசதியை இயக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டியூஷன் முடிந்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு உட்காரும்போது ஒன்பதரை ஆகிவிடும் பிள்ளைக்கு 10 மணி என்பது கழுத்தைப் பிடிப்பதுபோல் இருக்கும். அரை மணி நேரத்துக்குள் நாள் முழுக்க நடந்ததைப் பார்த்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் ஃபோமோவைக் கூட்டவே செய்யும். அப்படிப்பட்ட வீட்டில் பதினொன்று வரை இருக்கட்டும் என்று தள்ளி வைப்பதில் தவறில்லை. மாறாக, காலை 7 மணி என்ற முடிவு நேரத்தைக் குறைக்காதீர்கள். பொதுத்தேர்வுக்கு ஐந்து மணிக்கு எழுந்து படிக்கிற பிள்ளைக்கு, எழுந்ததும் ராத்திரி வந்த மெசேஜ்கள் கண்ணில் படாமல் இரண்டு மணி நேரம் கிடைப்பது இந்த வசதியின் எதிர்பாராத நன்மை.

60 நிமிட நினைவூட்டல்: வெறும் தட்டல்

ஒரு நாளில் 60 நிமிடம் ஆனதும் 'போதும், வெளியே போ' என்று ஒரு அறிவிப்பு வரும். ஒரு தட்டு தட்டினால் போய்விடும். மேற்பார்வை இல்லாத கணக்கில் இதற்கு மேல் எதுவும் நடக்காது. இரண்டு மூன்று நாளில் பிள்ளை அதைப் படிக்காமலே மூடப் பழகிவிடும். மேற்பார்வை இருந்தால் பெற்றோர் வைத்த வரம்பு நிஜமான வரம்பு. நேரம் முடிந்ததும் செயலி அன்றைக்குத் திறக்காது.

அந்த நிஜமான வரம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. நேரம் மொத்தமாக எண்ணப்படுகிறது. முன்பின் தெரியாதவர்களின் ரீல்ஸில் 50 நிமிடம் கரைந்துவிட்டால், தோழியின் மெசேஜுக்குப் பதில் போட நேரம் இருக்காது. பிள்ளைக்கு உண்மையில் தேவைப்படுவது அந்தத் தோழியின் மெசேஜ். எனவே வரம்பை எடுத்தவுடனே 15 நிமிடம் என்று இறுக்கினால் நட்பு துண்டிக்கப்பட்ட உணர்வுதான் மிஞ்சும், தவிப்பு அதிகமாகும். ஒரு வாரம் என்ன பயன்பாடு இருக்கிறதோ அதைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து கால்பங்கு குறைத்து ஆரம்பிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். கூடவே ரீல்ஸ் தின்கிற நேரத்தைக் குறைக்க, ஃபீடில் வரும் பரிந்துரைப் பதிவுகளை 30 நாளைக்கு நிறுத்திவைக்கும் 'ஸ்னூஸ்' வசதியைக் கன்டென்ட் பிரிஃபரன்ஸ் பகுதியில் இயக்கலாம்.

மேற்பார்வையை இணைப்பது எப்படி

பெற்றோரிடமும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். பிள்ளையின் இன்ஸ்டாகிராமில் புரொஃபைல் பக்கத்துக்குப் போய், வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தட்டி, கீழே 'ஃபேமிலி சென்டர்' அல்லது 'சூப்பர்விஷன்' என்று இருப்பதைத் திறக்க வேண்டும். அழைப்பைப் பிள்ளையும் அனுப்பலாம், பெற்றோரும் அனுப்பலாம். எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொண்டால்தான் இணையும். பிள்ளைக்குத் தெரியாமல் இணைக்க வழியே கிடையாது. அது சரியான வடிவமைப்பு.

இணைந்தபின் தினசரி நேர வரம்பு வைக்கலாம், குறிப்பிட்ட மணி நேரங்களில் தடுக்கலாம். கடந்த 7 நாளில் பிள்ளை யார் யாருக்கு மெசேஜ் அனுப்பியது என்ற பெயர்ப் பட்டியல் தெரியும். என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளை கட்டுப்பாடுகளைத் தளர்த்த விரும்பினால் பெற்றோரின் அனுமதி வேண்டும். 16, 17 வயதினர் பெரும்பாலானவற்றைத் தாங்களாகவே மாற்றிக்கொள்ளலாம், மேற்பார்வை இணைத்திருந்தால் மட்டும் கேட்டாக வேண்டும்.

அந்த 7 நாள் பட்டியலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத் தினமும் திறந்து 'இது யாரு, அது யாரு' என்று கேட்க ஆரம்பித்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது தெளிவு: இரண்டாவது கணக்கு. ஒரே போனில் ஐந்து கணக்குகள் வரை வைத்துக்கொண்டு, புரொஃபைல் படத்தை நீண்ட நேரம் அழுத்தி நொடியில் மாறிக்கொள்ள இன்ஸ்டாகிராமே இடம் தருகிறது. அழைப்பை ஏற்றுக்கொண்ட கணக்குதான் மேற்பார்வைக்குள் இருக்கும். கண்காணிப்புக்குத் தப்ப ஒளித்துத் திறந்த கணக்கு வெளியேதான் நிற்கும். பட்டியலைப் பார்க்காமலே விடுவது பெரும்பாலான வீடுகளுக்கு நல்லது.

எங்கே ஓட்டை

பிறந்த தேதி. இதுதான் முழுக் கட்டடமும் நிற்கும் அஸ்திவாரம், இதுதான் பலவீனமும். பத்து வயதில் அக்காவோ மாமா பையனோ கணக்குத் திறந்து கொடுத்தபோது ஏதோ ஒரு பழைய வருடத்தைப் போட்டிருப்பார்கள். இன்று அந்தப் பிள்ளைக்கு 14, இன்ஸ்டாகிராமுக்கு 21. அந்தக் கணக்கு தானாக டீன் அக்கவுண்ட் ஆகும் என்று நம்ப முடியாது. இதைச் சரிசெய்ய செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' போய், 'பர்சனல் டீடெய்ல்ஸ்' பகுதியில் பிறந்த தேதியைப் பாருங்கள். தவறாக இருந்தால் உண்மையான தேதிக்கு மாற்றுங்கள். ஆனால் உண்மையான வயது 13க்குக் கீழே இருந்தால் அங்கே கணக்கே இருக்கக் கூடாது என்பதுதான் விதி. தேதியை மாற்றியதும் கணக்கு முடக்கப்படலாம். எதிர்த்திசையில், 18க்குக் கீழிருந்து மேலே மாற்ற முயன்றால் அடையாள அட்டையோ, யோட்டி நிறுவனத்தின் முகவழி வயதுக் கணிப்புக்கான செல்ஃபி வீடியோவோ கேட்கும். எனவே ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் திருப்பி ஏமாற்றுவது அத்தனை சுலபம் இல்லை.

வீட்டில் ஒரே போன் என்பது அடுத்தது. அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கிலேயே வகுப்புத் தோழர்களைப் பின்தொடரும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. டீன் அக்கவுண்ட் ஒரு பிள்ளைக்கு ஒரு போன் என்ற கணக்கில் யோசித்தது. இங்கே அது பயன்படாது. இப்படிப்பட்ட வீட்டில் அதே போனில் பிள்ளைக்கென்று உண்மையான தேதியில் தனிக் கணக்குத் திறப்பதே முதல் வேலை.

ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங் வசதி மூலம் செயலிக்கு டைமர் வைத்தவர்கள் கவனிக்க வேண்டியது: அது செயலியை மட்டும் பூட்டும். குரோமில் இன்ஸ்டாகிராம் தளத்தைத் திறந்தால் ஸ்டோரியும் மெசேஜும் அப்படியே கிடைக்கும். அந்தத் தளத்துக்கும் தனியாக வரம்பு வைத்தால்தான் டைமருக்கு அர்த்தம்.

மெட்டாவின் முன்னாள் பொறியாளர் ஆர்ட்டுரோ பெஹாரும் சில அமைப்புகளும் சேர்ந்து 2025 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இன்ஸ்டாகிராமின் 47 பாதுகாப்பு வசதிகளைச் சோதித்ததில் 30 வசதிகள் பலனில்லாதவை அல்லது இப்போது இல்லாதவை என்றார்கள். மெட்டா அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு வசதி இயங்குகிறதா என்பதை அறிவிப்பைப் படித்து நம்பாமல், பிள்ளையோடு உட்கார்ந்து போனிலேயே சோதித்துப் பார்ப்பது உத்தமம். ஸ்லீப் மோட் ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமா? இரவு பத்தேகாலுக்கு உங்கள் கணக்கிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்புங்கள். தானியங்கிப் பதில் வர வேண்டும்.

டீன் அக்கவுண்ட் தராதவை, நீங்களே மாற்ற வேண்டியவை

ஃபோமோவுக்கு உண்மையான மருந்து இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பிள்ளை கையாலேயே மாற்றவிடுங்கள். பெற்றோர் வாங்கி மாற்றிக் கொடுத்தால் இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும்.

மியூட் செய்வது எல்லாவற்றுக்கும் முதல். ஒருவரின் ஸ்டோரி வளையத்தை நீண்ட நேரம் அழுத்தினால் மியூட் வரும். அல்லது அவருடைய பக்கத்தில் 'ஃபாலோயிங்' பொத்தானைத் தட்டி, பதிவு, ஸ்டோரி, நோட்ஸ் எதை வேண்டுமானாலும் தனித்தனியாக நிறுத்தலாம். எதிரில் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அன்ஃபாலோ செய்தால் சண்டை வரும், மியூட் செய்தால் வராது. நட்பு அப்படியே இருக்கும், மெசேஜ் வரும், போகும். யாரை மியூட் செய்வது என்று பிள்ளைக்குக் குழப்பமாக இருந்தால் ஒரு கேள்வி போதும்: யாருடைய ஸ்டோரியைப் பார்த்து முடித்ததும் மனசு கனக்கிறது? அநேகமாக நாலைந்து பெயர்தான் வரும். பெரும்பாலும் அவர்கள் எதிரிகள் இல்லை, ரொம்ப வேண்டியவர்கள். அதனால் 'மியூட் பண்ணா துரோகம்' என்று பிள்ளை தயங்கும். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பச்சைப் புள்ளியை அணைப்பது அடுத்தது. மெசேஜ் தொடர்பான செட்டிங்குகளில் 'ஆக்டிவிட்டி ஸ்டேட்டஸ்' இருக்கும். இதை அணைத்தால் நாம் ஆன்லைனில் இருப்பது பிறருக்குத் தெரியாது. அவர்கள் இருப்பதும் நமக்குத் தெரியாது. இரண்டாவது பாதிதான் ஃபோமோவுக்கு முக்கியம். ராத்திரி பன்னிரண்டுக்கு நாலு பேர் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி எரிவதைப் பார்த்தால், தனியாக குரூப் போட்டுப் பேசுகிறார்களோ என்ற கற்பனைக்கு அது போதும். அதே இடத்தில் 'ரீட் ரெசீட்' என்பதையும் அணைத்துவிட்டால் 'பார்த்துட்டு பதில் போடல' என்ற குற்றச்சாட்டு எழாது.

நோட்டிஃபிகேஷன்களை மொத்தமாக நிறுத்துவது தவறு. நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். எதுவுமே வராத போனை எடுத்துப் பார்க்கத்தான் கை அதிகம் துடிக்கும். வந்திருக்குமோ என்ற சந்தேகம் அங்கேதான் குடியிருக்கிறது. நேரடி மெசேஜ் வரட்டும். லைக், 'இன்னார் வெகுநாள் கழித்து ஸ்டோரி போட்டிருக்கிறார்', லைவ், ரீல்ஸ் பரிந்துரை, நினைவூட்டல் ஆகிய ஐந்தையும் அணையுங்கள். முக்கியமான ஆள் கூப்பிட்டால் போன் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை வந்தால்தான் சும்மா எடுத்துப் பார்ப்பது குறையும்.

லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 மே மாதத்திலிருந்தே இருக்கிறது. மற்றவர்களின் பதிவில் வரும் எண்ணிக்கையை செட்டிங்ஸில் ஒரே தட்டில் மறைக்கலாம். இது ஒப்பீட்டைக் கொஞ்சம் குறைக்கும். விட்டுப்போன உணர்வை அவ்வளவாகத் தொடாது. செய்துவிட்டு நகரலாம்.

இருப்பிடத்தைக் காட்டும் இன்ஸ்டாகிராம் மேப் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் முதலில் வந்தது. நாமாக இயக்கினால் ஒழிய நம் இடத்தைக் காட்டாது. மேற்பார்வைக்குள் இருக்கும் பிள்ளை இயக்கினால் பெற்றோருக்குச் செய்தி போகும். ஐந்து தோழர்களின் படங்கள் ஒரே மாலில் குவிந்து நிற்பதை வீட்டிலிருந்து பார்ப்பதைவிடப் பெரிய ஃபோமோ வேறு கிடையாது. வேண்டாம் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து.

மற்ற செயலிகளோடு ஒப்பிட்டால்

ஸ்னாப்சாட்டில் சிக்கல் வேறு மாதிரி. இரண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஸ்னாப் அனுப்பிக்கொண்டே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் தீச்சுடரும் நாள் எண்ணிக்கையும் வரும்; இதுதான் 'ஸ்ட்ரீக்'. எழுத்தில் அனுப்பும் சாட் இதில் சேராது, படமோ வீடியோவோதான் வேண்டும். முறியப்போகிறது என்றால் மணல் கடிகாரம் தோன்றும். தேர்வுக்கு முதல் நாள் இரவு சுவரைப் படம் பிடித்து இருபது பேருக்கு அனுப்பும் பிள்ளை இதற்காகத்தான் அனுப்புகிறது. போனைப் பிடுங்கி ஸ்ட்ரீக்கை உடைத்தால் பிள்ளைக்கு அது நிஜமான இழப்பு, கோபம் நியாயமானது. முடிக்க வேண்டுமென்றால் அந்தத் தோழருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, இருவரும் சேர்ந்து நிறுத்துவதே மரியாதை. மிக நெருங்கிய இரண்டு மூன்று பேரோடு மட்டும் வைத்துக்கொள்வது நடுவழி. ஸ்னாப் மேப்பில் இருப்பிடத்தை மறைக்கும் 'கோஸ்ட் மோட்' இயக்கி வையுங்கள்.

வாட்ஸ்அப்பை யாரும் சமூக ஊடகம் என்று நினைப்பதில்லை, ஆனால் நம் பிள்ளைகளின் ஃபோமோவில் பெரிய பங்கு வகுப்பு குரூப்புக்கு உண்டு. அங்கே ஹோம்வொர்க்கும் அரட்டையும் கலந்து வருவதால், 'பாடம் விட்டுப்போகும்' என்ற நியாயமான பயத்துக்குள் மற்றது ஒளிந்துகொள்கிறது. ஆசிரியர் செய்தி அனுப்பும் குரூப்பைப் பெற்றோரின் போனில் வையுங்கள். அரட்டை குரூப்பை மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். ஸ்டேட்டஸையும் ஆள் பார்த்து மியூட் செய்யலாம். நீல டிக்கை அணைத்தாலும் குரூப்பில் யார் படித்தார்கள் என்பது தெரியும் என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தனி ஒரு பிள்ளைக்குச் செய்தால் பலன் பாதிதான்

13 முதல் 15 வயதினரில் 97 சதவீதம் பேர் டீன் அக்கவுண்ட்டின் ஆரம்பக் கட்டுப்பாடுகளிலேயே இருக்கிறார்கள் என்று மெட்டா 2025 ஏப்ரலில் சொன்னது. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொன்ன எண் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே, அதில் இருக்கும் ஒரு நல்ல விஷயத்தைக் கவனிக்கலாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பத்து மணி அடித்தால், பத்து மணிக்கு மேல் விட்டுப்போக அங்கே எதுவும் இருக்காது. தனியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் அடைத்தால், மற்றவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருப்பது தெரிந்தே அந்தப் பிள்ளை வெளியே உட்கார்ந்திருக்கும். கட்டுப்பாடு அதே, விளைவு நேர் எதிர்.

அதனால் பிறந்த தேதியைத் திருத்தும் வேலையை உங்கள் வீட்டோடு நிறுத்தாதீர்கள். பிள்ளையின் நெருங்கிய வட்டம் நாலைந்து பேராகத்தான் இருக்கும். அந்தப் பெற்றோர்களிடம் பேசுங்கள். எல்லோர் கணக்கிலும் உண்மையான தேதி, எல்லோருக்கும் ஒரே ஸ்லீப் மோட் நேரம், அதற்கு மேல் வாட்ஸ்அப் குரூப்பிலும் பேச்சில்லை என்று மூன்றே விஷயத்தை ஒத்துக்கொண்டால் போதும். வகுப்பு முழுவதும் தேவையில்லை, நாலு பேர் சேர்ந்தாலே இரவின் தவிப்பு கண்ணெதிரே குறையும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் பேசும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் கணக்கு வைத்திருப்பதையே சட்டத்தால் தடுத்ததற்குப் பின்னாலும் இந்தத் தர்க்கம் இருக்கிறது: ஒரு வீடு மட்டும் 'வேண்டாம்' என்றால் அந்த வீட்டுப் பிள்ளை தனித்துப்போகும்.

தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பள்ளிக்குப் போகவே பிடிக்காமல் இருப்பது ஆகியவை சில வாரங்கள் தொடர்ந்தால் அது செட்டிங்கால் தீர்கிற விஷயம் இல்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

மெட்டா என்ன மாற்ற வேண்டும்

மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஸ்டோரி பார்த்தவர் பட்டியலும் பச்சைப் புள்ளியும் ஆரம்பத்திலேயே அணைந்திருக்க வேண்டும். ஸ்லீப் மோட் நேரத்தில் புது ஸ்டோரிகள் காட்டப்படாமல் காலை வரை காத்திருக்க வேண்டும். 24 மணி நேரக் கணக்கில் அந்த ஒன்பது மணி நேரத்தைச் சேர்க்கக் கூடாது. தூங்கியதால் எதுவும் மறைந்துபோகவில்லை என்ற உறுதி பிள்ளைக்குக் கிடைக்கும். தினசரி வரம்பில் ரீல்ஸுக்கும் மெசேஜுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். இவற்றில் எதுவும் தொழில்நுட்பத்தில் கடினமானதில்லை.

இப்போதைக்கு 13 முதல் 15 வயதினருக்கு, மேற்பார்வையும் மேலே சொன்ன கைவேலைகளும் சேர்ந்தால், டீன் அக்கவுண்ட்டை ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பிடுகிறோம். எதையும் தொடாமல் அப்படியே விட்டால் இரண்டு. 16, 17 வயதினருக்கு அந்த இரண்டும் சந்தேகம்தான், ஏனென்றால் மேற்பார்வை இணைக்காத கணக்கில் 16 ஆனதும் ஸ்லீப் மோட் உட்பட பெரும்பாலானவற்றைப் பிள்ளை தானே அணைத்துவிடலாம். யாருக்கும் செய்தி போகாது. எனவே அந்தப் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே உட்கார்ந்து பேசி, எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைத் தளர்த்துவது என்று பிள்ளையையே முடிவு செய்யச் சொல்லுங்கள். தானியங்கிப் பதிலின் சுகத்தை ஒரு வருடம் அனுபவித்த பிள்ளை பெரும்பாலும் ஸ்லீப் மோடைத் தானாகவே வைத்துக்கொள்ளும், நேரத்தை மட்டும் பதினொன்றுக்குத் தள்ளும்.